நட்டதை மிதித்தவள்

ஜாஸ்லின் அந்தப் படத்தை எட்டு மாதம் வரைந்தாள். தஞ்சாவூர் மானம்புச்சாவடியில் ஒரு மாடி அறை. ஐந்தடி உயரம், நாலடி அகலம், எண்ணெய் வண்ணம்.

படத்தில் மூன்று பெண்கள். நடுவில் நிற்பவள் ஜாஸ்லின். சாம்பல் நிறச் சேலை, வெறுங்கால். வலப்பக்கம் நீலச் சேலையில் ஒருத்தி, கையில் தூரிகையுடன், திறந்த கதவு ஒன்றைக் காட்டுகிறாள். அவள் முகம் தெரிந்தவர் யாருடையதும் இல்லை. இடப்பக்கம் இருப்பவள் முழங்கால்வரை சேற்றில் நிற்கிறாள். முதுகு குனிந்திருக்கிறது, முகம் நிமிர்ந்திருக்கிறது. ஒரு கையில் நாற்றுக் கட்டு. மறு கை நடுவில் நிற்பவளின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. இறுக்கத்தில் நரம்புகள் புடைத்திருக்கின்றன. அவளுக்குப் பின்னால் நட்டு முடித்த வயல், அடிவானம்வரை, வரிசை வரிசையாகப் பச்சை.

படத்துக்குப் பெயர் ‘கையை விடு’.

சேற்றில் நிற்பவளுக்குத் தன் அக்கா சகாயம்மாளின் முகத்தைக் கொடுத்திருந்தாள். வேறு முகம் வைக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மூக்கை மட்டும் நான்கு முறை அழித்து வரைந்தாள். அந்த நான்கு முறையும் சந்தோஷமாக இருந்தது.

தஞ்சாவூரில் ஓர் அறக்கட்டளை இளம் ஓவியர்களுக்குக் கண்காட்சி வைத்தது. ஜாஸ்லினுக்கு முப்பத்தொன்று. இளம் என்பதில் இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம். கண்காட்சியில் வைத்தவற்றிலிருந்து பதினைந்து படங்களை ஒரு புத்தகமாகப் போடுவார்கள். அதில் ஒருவருக்குச் சென்னையில் ஒரு வருஷம் தங்கி வரைய இடம் தருவார்கள். தேர்வுக்குழுத் தலைவர் ஹரிஹரசுப்ரமணியன், ஓய்வுபெற்ற பேராசிரியர். இரண்டாம் நாளே அவளைத் தனியாக அழைத்து, “உங்க பேருதான் முதல்ல இருக்கு. புத்தகம் கண்காட்சி முடிஞ்சு வர்ற சனிக்கிழமை அச்சுக்குப் போகுது. அதுவரைக்கும் வெளியில சொல்லாதீங்க” என்றார்.

வாரநாளில் பள்ளிக்கூடச் சுவர்களில் காய்கறியும் தேசத் தலைவர்களும் வரைந்து, டிசம்பரில் கோவில் குடில்களுக்குப் பெத்லகேம் மலை வரைந்து பிழைப்பவள் அவள். ஒரு வருஷம் யாரும் கேட்காததை வரையலாம் என்பது அவளுக்குப் பெரிய விஷயம். அன்று மாலை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள்.

படத்துக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு ஒட்டியிருந்தது. அவள் எழுதியது.

‘ஓவியம் ஒரு பக்கம் அழைத்தது. வயல் மறுபக்கம் இழுத்தது. என் வீட்டுப் பெண்கள் இறங்கிய சேற்றில் நானும் இறங்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்த கையை உதறிவிட்டுத்தான் நான் தூரிகையை எடுத்தேன்.’

படித்தவர்கள் அந்த இடத்தில் சற்று நேரம் நின்றார்கள். ஒரு செய்தித்தாள் படத்தைச் சிறிதாகப் போட்டது. குறிப்பைப் போடவில்லை.

வீட்டுக்கு அவள் சொல்லவில்லை. நீடாமங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம் ஊர். அப்பா குழந்தைராஜ் செய்தித்தாளை விளம்பரம்வரை படிப்பவர். பார்த்துவிட்டார். கத்தரித்தும் விட்டார்.

கண்காட்சியின் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணிக்கு சகாயம்மாள் வந்தாள். கூட மங்களாம்பிகை. ஊரில் நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவள். இருவரும் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். வேறு யாரும் அப்படிச் செய்யவில்லை.

“யப்பா, என்னா குளுரு” என்றாள் மங்களாம்பிகை.

ஜாஸ்லின் ஹரிஹரசுப்ரமணியனோடு பேசிக்கொண்டிருந்தாள். பேச்சை முடிக்காமலே எழுந்து வந்தாள்.

“அப்பா பேப்பரக் காட்டுனாரு. பூசை முடிஞ்சதும் அப்படியே பஸ் ஏறிட்டோம்” என்றாள் அக்கா. “ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல பாப்பா.”

“பெருசா ஒண்ணும் இல்லக்கா.”

“பெருசாதான் இருக்கு” என்று படத்தைப் பார்த்தாள். பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டாள். “என்னையா போட்டுருக்க?”

“ம்.”

“மூக்கு அப்படியே இருக்குடி.”

முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. நாற்பத்து மூன்று வயதில் யாரும் அவளை இப்படி இத்தனை பெரிதாகப் பார்த்ததில்லை. சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள், படத்திலிருக்கும் சேலையையும் சேர்த்துச் சரிசெய்வதுபோல.

மங்களாம்பிகை படத்துக்குப் பக்கத்தில் போனாள். தள்ளி வந்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“ஏண்டி சகாயம்.”

“என்னா.”

“நீ எங்கடி போற?”

“நா எங்க போறேன். நிக்கிறேன்.”

“ஒம் பின்னாடி பாரு. நட்டுருக்கு. நீ முன்னாடி வந்து நிக்கிற. நட்டத மிதிச்சிக்கிட்டேவா வந்த? வயக்காரரு பாத்தா அன்னைக்கே வூட்டுக்கு அனுப்பிருவாரு.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வயலில் சிரிக்கிற சிரிப்பு. கூடம் முழுக்கக் கேட்டது. ஹரிஹரசுப்ரமணியன் வந்தார்.

“என்னம்மா சொல்றீங்க? புரியலையே.”

“ஒண்ணும் இல்லீங்க. நடவுன்னா பின்னாடி போய்க்கிட்டே நடுறது. நட்டது கண்ணு முன்னாடி இருக்கும். வெறுஞ்சேறு முதுகுக்குப் பின்னாடி இருக்கும். இதுல மாறிக் கெடக்கு. இப்புடி.” அவள் குனிந்தாள். பளபளப்பான தரையில் இல்லாத நாற்றை ஊன்றி ஊன்றி, ஓரடி, இரண்டடி, மூன்றடி பின்னால் போனாள். கல்லூரிப் பெண்கள் இருவர் செல்போனில் படம் பிடித்தார்கள்.

ஜாஸ்லினுக்குக் காதுகள் சூடாயின. நடவைப் பார்த்திருப்பதாகத்தான் நினைத்திருந்தாள். வரைவதற்கு முன் செல்போனில் முப்பது நாற்பது படங்களையும் பார்த்தாள். பார்த்தது முதுகுகளை. வளைவுகளை. தண்ணீரில் விழுந்த வெளிச்சத்தை.

“வேணும்னுதான் சார் அப்படி வச்சேன்” என்றாள். “அது ஒரு குறியீடு.”

“அதானே” என்றார் அவர். “நானும் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். தன் உழைப்பையே மிதிச்சிக்கிட்டு வர்ற ஒரு உருவம்.”

மங்களாம்பிகை நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவரையும் ஜாஸ்லினையும் மாறி மாறிப் பார்த்தாள். சகாயம்மாள் அவள் கையைத் தட்டினாள்.

“படத்துல அப்புடித்தான் போடுவாங்க மங்களம். ஒனக்கு என்னா தெரியும். பேசாம வா.”

தங்கைக்காகச் சொன்னாள். ஜாஸ்லின் தரையைப் பார்த்தாள்.

பிறகு சகாயம்மாள் குறிப்பைப் படித்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதல் வாசகம் படிப்பவள் அவள். எதைப் படித்தாலும் அந்தக் குரலில்தான் படிப்பாள், நிறுத்தி, வார்த்தை வார்த்தையாக, சத்தமாக. தடுக்க முடியவில்லை. ‘கூப்பிட்டுக்கொண்டே இருந்த கையை’ என்ற இடத்தில் ஒரு முறை நின்று, மறுபடி அந்த வரியின் தொடக்கத்துக்குப் போனாள். முடித்தாள்.

“நல்லா எழுதிருக்க” என்றாள்.

வேறு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், மரியாதைக்கு.

*

ஜாஸ்லின் எழுதியதில் உண்மை இவ்வளவுதான்: அவள் வீட்டுப் பெண்கள் வயலில் இறங்கினார்கள். அம்மா இறங்கினாள். ஜாஸ்லினுக்கு ஆறு வயதில் அம்மா இறந்தபோது சகாயம்மாளுக்குப் பதினெட்டு. மறு வாரம் அவள் இறங்கினாள். கல்யாணம் ஆகவில்லை. அதற்கு இரண்டு மூன்று காரணங்கள் வீட்டில் சொல்லப்படும். எதிலும் ஜாஸ்லின் பெயர் வராது.

பத்து வயதில், ஒரு விடுமுறை நாளில், ஜாஸ்லின் விளையாட்டாக நடவு வயலில் கால் வைத்தாள். அக்கா பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி வரப்பில் நிறுத்தினாள். “கால்ல சேத்துப்புண்ணு வந்தா பள்ளிக்கூடத்துக்கு யாரு போறது?” மணிக்கட்டில் ஐந்து விரல் சேறு இருந்தது. எட்டு மாதம் அவள் வரைந்தது அந்தப் பிடியைத்தான். திசையை மட்டும் மாற்றிவிட்டாள். வரைந்தபோது அது தெரியவில்லை என்று அவள் சொல்லமுடியாது. தெரிந்தது. தெரிந்த மறுநிமிடம் வேறு வேலை பார்த்தாள்.

பன்னிரண்டாவது முடித்ததும் நர்ஸிங் படிக்க இடம் கிடைத்தது. அப்பா சந்தோஷப்பட்டார். ஜாஸ்லின் சரி என்றாள். துணிகூட எடுத்து வைத்துவிட்டாள். “ரத்தத்தப் பாத்தா கண்ணு சொருகிடும், இவ நர்ஸா? அவளுக்குக் கையிலதாம்பா படிப்பு” என்று அப்பாவிடம் சண்டை போட்டவள் சகாயம்மாள். கும்பகோணத்துக்குத் தனியாக பஸ் ஏறிப்போய், எங்கே கேட்பது என்று தெரியாமல் இரண்டு கல்லூரிகளில் விசாரித்து, மூன்றாவதாக ஓவியக் கல்லூரியைக் கண்டுபிடித்து விண்ணப்பம் வாங்கி வந்தவளும் அவள்தான்.

ஜாஸ்லின் தேர்ந்தெடுத்த நாள் என்று ஒன்று கிடையாது. படத்துக்கு அப்படி ஒரு நாள் வேண்டியிருந்தது.

*

பஸ் நிலையத்தில் மங்களாம்பிகை பழம் வாங்கப் போனாள். அக்காவும் தங்கையும் தூணோரம் நின்றார்கள்.

“பாப்பா.”

“சொல்லுக்கா.”

“நா ஒன்ன வயலுக்குக் கூப்பிட்டேனா?”

கோபமாகக் கேட்கவில்லை. எங்கோ வைத்த சாவியைத் தேடுகிறவள்போலக் கேட்டாள்.

“எனக்கு ஞாபகமே இல்ல. ஆளு கெடைக்காத வருசம் ஏதாவது வாய் தவறிக் கூப்பிட்டேனோ என்னமோ. நீ சின்னப் புள்ள, மனசுல பதிஞ்சிருக்கும். எப்ப கூப்பிட்டேன்?”

இல்லை என்று சொன்னால் போதும். ஆனால் இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும்.

“ஒரு தடவதான்க்கா” என்றாள் ஜாஸ்லின். “எப்பன்னு எனக்கும் தெரியல.”

“கூப்பிட்டுட்டனா” என்றாள் அக்கா. “தெரியாம செஞ்சிருப்பேன் பாப்பா. மனசுல வச்சிக்காத.”

பஸ் வந்தது. சகாயம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வழக்கமாகக் கையாட்டுவாள். அன்று மடியைப் பார்த்துக்கொண்டு யோசித்தபடியே போனாள்.

*

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஜாஸ்லின் ஒரு பள்ளிக்கூடச் சுவரில் கத்தரிக்காய் வரைந்தாள். கண்காட்சியிலிருந்து திரும்பி வந்த படம் அறையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. வியாழக்கிழமை காலை வேலைக்குப் போகாமல் நீடாமங்கலம் பஸ் ஏறினாள்.

சகாயம்மாள் ஆற்றோர வயலில் இருந்தாள். நடவு இயந்திரம் திரும்ப முடியாத மூலைகளுக்குத்தான் இப்போது பெண்களைக் கூப்பிடுகிறார்கள். அவளும் மங்களாம்பிகையும் உட்பட ஐந்து பேர் வரிசையாக நட்டுக்கொண்டிருந்தார்கள். ஜாஸ்லின் வரப்பில் போய் நின்றாள்.

ஐந்து முகங்களும் அவள் பக்கம் இருந்தன. ஐந்து பேரும் அவளிடமிருந்து விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒவ்வொரு அடியாகப் பச்சை கூடிக்கொண்டிருந்தது. கிட்டே போவதென்றால் நட்டதை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

“அக்கா.”

சகாயம்மாள் நிமிராமலே பார்த்தாள். “என்னாடி இந்நேரத்துல? அப்பாவுக்கு ஒண்ணும் இல்லியே?”

“இல்ல.”

“அப்ப வூட்டுல போய் இரு. சாப்பாட்டுக்கு வர்றேன்.”

வீட்டில் போய் உட்கார்ந்தால் சொல்லமாட்டோம் என்று ஜாஸ்லினுக்குத் தெரிந்தது.

“நீ கூப்பிடல” என்றாள்.

“என்னாது? காத்துல கேக்கல.”

“நீ என்ன வயலுக்குக் கூப்பிடவே இல்லக்கா. ஒரு தடவகூட இல்ல. அன்னைக்குப் பொய் சொன்னேன். எழுதுனதும் பொய்தான்.”

சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஐந்து பேருக்கும் கேட்டது. சகாயம்மாள் கையிலிருந்த நாற்றை ஊன்றி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“ஒரு தடவகூட இல்லியா?”

“இல்ல.”

“நாலு நாளா ஒவ்வொரு வருசமா நெனச்சிப் பாத்துக்கிட்டு இருக்கேன்டி. தண்ணி வராத வருசமா, அப்பா கால ஒடச்சிக்கிட்டாரே அந்த வருசமான்னு. தூங்கல நானு.” அவள் குரல் ஏறியது. “நேத்து சகாய மாதா நவநாளுக்குப் போனப்ப பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்லிட்டேன். தங்கச்சி படிப்பக் கெடுக்கப் பாத்தேன் சாமின்னு. அவரு ஜெபமால சொல்லச் சொன்னாரு. சொல்லிட்டேன்.”

மங்களாம்பிகையும் நிமிர்ந்தாள்.

“செய்யாத பாவத்துக்குச் சொன்ன ஜெபத்த எந்தக் கணக்குலடி சேப்பாங்க ஒங்க கோயில்ல?”

“நீ சும்மா இரு மங்களம்.” சகாயம்மாள் தங்கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “எதுக்கு எழுதுன?”

ஜாஸ்லின் பஸ்ஸில் வரும்போது இதற்குப் பதில் யோசித்திருந்தாள். அது நல்ல பதில். வரப்பில் நிற்கும்போது அதைச் சொல்ல முடியவில்லை.

“படத்துல யாராவது இழுக்கணும்க்கா. யாருமே இழுக்கலன்னா நான் எத விட்டுட்டு வந்தேன்னு கேப்பாங்க.”

“நீ ஒண்ணையும் விடலியே.”

“ஆமா.”

“அதுக்கு இவதான் கெடைச்சாளா?” என்றாள் மங்களாம்பிகை. “என்னப் போட்டுருக்கலாம்ல. நெசமாவே இழுத்துருப்பேன். தெடமான புள்ள, வரப்புல நின்னு வேடிக்க பாக்குது.”

யாரும் சிரிக்கவில்லை.

“என் கைய அதுலேருந்து எடு” என்றாள் சகாயம்மாள்.

“முகம்?”

“மொகம் கெடக்கட்டும். கைய எடு. அந்த எழுத்தையும் எடு.”

குனிந்தாள். மற்றவர்களும் குனிந்தார்கள். ஜாஸ்லின் நின்றுகொண்டிருந்தாள். வரிசை எதிர் வரப்புவரை போய் முடிந்தது. அதுவரை அக்கா தலையைத் தூக்கவில்லை.

*

அன்றே தஞ்சாவூர் திரும்பிக் கத்தியால் அந்தக் கையைச் சுரண்டினாள். காய்ந்த வண்ணம், எளிதில் வரவில்லை. வரிசைகளை மாற்ற நாள் இல்லை. அவை தப்பாகவே இருந்தன. கை போனதும் நடுவில் நிற்பவளின் மணிக்கட்டு அந்தரத்தில் தனியாகத் தூக்கியபடி நின்றது. பிடிப்பதற்கு யாரும் இல்லாமல் இழுபடுகிறவளின் நிற்பு. பார்ப்பதற்கு அசிங்கமாக இருந்தது. அதைச் செல்போனில் படம் எடுத்து ஹரிஹரசுப்ரமணியனுக்கு அனுப்பினாள். புதிய குறிப்பையும் அனுப்பினாள். ‘என் அக்கா சகாயம்மாள் என்னை ஒருபோதும் வயலுக்குக் கூப்பிட்டதில்லை. முன்பு எழுதியது பொய்.’

வெள்ளிக்கிழமை காலை அவர் கூப்பிட்டார்.

“என்னம்மா இது? பிரமாணப் பத்திரம் மாதிரி இருக்கு. நோட்டரி கையெழுத்துதான் பாக்கி.”

“அதையே போடுங்க சார்.”

“வீட்டுல ஏதாவது பிரச்சினையா? பழைய குறிப்பு வேணாம்னா எடுத்துடலாம். பழைய படமே இருக்கட்டும், அது போட்டோ எடுத்தாச்சு.”

“பழையது வேண்டாம் சார்.”

“கொஞ்சம் யோசிங்க. அந்தக் கை இல்லாம இந்தப் படத்துல என்ன இருக்கு? யாரு யாரத் தடுக்கறா?”

“யாரும் தடுக்கல சார்.”

“அப்ப நீங்க தேர்ந்தெடுத்ததுன்னு என்ன இருக்கு?”

ஜாஸ்லின் செல்போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“எங்க அக்கா விண்ணப்பம் வாங்கிட்டு வந்தாங்க சார். நான் கையெழுத்துப் போட்டேன்.”

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. நல்ல மனிதர். குழுவிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார்.

புத்தகம் பொங்கலுக்குப் பிறகு கூரியரில் வந்தது, கண்காட்சியில் பங்கெடுத்ததற்காக ஒரு பிரதி. வழவழப்பான தாள். பதினைந்து படங்கள். அவளுடையது இல்லை. சென்னை இடம் கோயம்புத்தூர்க்காரி ஒருத்திக்குப் போயிருந்தது.

மறுநாள் ஜாஸ்லின் அதை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். வயல் வரப்பில் அன்று பேசியதற்குப் பிறகு அக்காவும் அவளும் கிறிஸ்துமஸுக்கு ஒரே பந்தியில் சாப்பிட்டிருக்கிறார்கள், அப்பாவின் மாத்திரை பற்றிப் பேசியிருக்கிறார்கள். வேறு பேசியதில்லை.

சகாயம்மாள் கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். கடைசிவரை புரட்டினாள். மறுபடி முதலிலிருந்து புரட்டினாள்.

“ஒன்னுது எங்க?”

“இல்லக்கா. அந்தக் குறிப்ப மாத்துனதுனால எடுத்துட்டாங்க.”

“சென்னைக்கு?”

“அதுவும் இல்ல. வேற ஒருத்திக்குப் போயிருச்சு.”

அக்கா அட்டையை மூடினாள். “அப்ப இத எதுக்கு எங்கிட்ட கொண்டாந்த?”

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரமும் ஜாஸ்லின் நினைத்துக்கொண்டு வந்தது அக்காவின் முகத்தைத்தான். விஷயம் தெரிந்ததும் அது எப்படி மாறும், என்ன சொல்லும், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழும் என்றுகூட. இப்போது அந்த முகம் அவளுக்கு நேராக இருந்தது. அப்படியெல்லாம் எதுவும் ஆகவில்லை.

“காட்டலாம்னு” என்றாள்.

“காட்டிட்டல்ல.”

சகாயம்மாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மணையில் உட்கார்ந்தாள். அடுத்த மீனை எடுத்தாள்.

“சாப்பிட்டுட்டுப் போ” என்றாள், செதிலைச் சுரண்டிக்கொண்டே. “அப்பா கண்ணுல அதப் படவிடாத. இன்னும் வர்றவங்ககிட்ட எல்லாம் பேப்பரக் காட்டிக்கிட்டுத் திரியிறாரு.”

ஜாஸ்லின் புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள். அட்டை உள்பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.